உப்புக் காற்றில் ஒரு பெரிய வண்டி

புதுச்சேரியின் கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் சற்று நேரத்தில் பனித்திட்டு. மீன்பிடி ஊர். ஃபைபர் படகுகள், வலைகள், அதற்கப்பால் கடல். இங்கே ஒரு வீட்டு வாசலில் ஃபேரிங் போட்ட பெரிய பைக் வந்து நின்றால் சுற்றி நாலு பேர் கூடுவார்கள், நாலு பேரிடமும் ஆளுக்கொரு சட்டம் இருக்கும். முன் பிரேக்கைத் தொடாதே. கவர் போட்டு மூடி வை. நூறு ஆக்டேன் பெட்ரோல் போடு. சைலன்சரை மாற்று. எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதில் பாதி வண்டியைக் கெடுக்கும், மீதியில் கொஞ்சம் ஆளையே கெடுக்கும்.

ஸ்போர்ட்ஸ் டூரிங் என்பது ரேஸ் வண்டியின் உடம்பும் தூரப் பயணத்துக்குத் தோதான இருக்கையும் சேர்ந்த வகை. நம் நாட்டில் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. 2011-இல் ஹோண்டா சிபிஆர் 250ஆர் வந்தது. 2017 டிசம்பரில் ஓசூரிலிருந்து டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தது. வசதியுள்ளவர்களுக்குக் கவாஸாகி நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸ் வந்தது. பெட்ரோலோடு நிறுத்தினால் அதன் எடை சுமார் 235 கிலோ. விலை எதுவானாலும் கடற்கரையில் குடிவைத்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் துருப்பிடிக்கும். இந்த வகை வண்டியைப் பற்றிய பேச்சு முழுக்க வேகத்தைச் சுற்றியே நடக்கிறது. வண்டியின் ஆயுளையும் ஓட்டுகிறவர் ஆயுளையும் தீர்மானிப்பதோ யாரும் பேசாத சில சில்லறை வேலைகள்.

“மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது”

வேகம் ஆபத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெதுவாகப் போனால் தலைக்கவசமும் கவனமும் வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தவர்களில் முன்னோடி, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் அலசி, 1981-இல் அவர் குழு அறிக்கை வெளியிட்டது. அந்த விபத்துகளில் பாதி, மணிக்கு 48 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு நேர்ந்தவை. மோதிய கணத்தில் வேகம் இன்னும் குறைவு, பாதிப்பேருக்கு 35-க்குள். சுமார் முக்கால்வாசி விபத்துகள் இன்னொரு வண்டியோடு மோதியவை. அவற்றிலும் மூன்றில் இரண்டில், அந்த இன்னொரு வண்டிக்காரர்தான் வழிவிடாமல் குறுக்கே வந்திருக்கிறார்.

ஊர் வேறு, சாலை வேறு, காலமும் வேறுதான். இருந்தாலும் கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை திருப்பங்களில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவருக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தெரியாது. குறுக்கே திரும்பும் ஷேர் ஆட்டோவுக்கு நம் வண்டி எத்தனை சிசி என்பது பொருட்டே இல்லை.

தலைக்கவசம் போட்டால் கழுத்து ஒடியும், காது கேட்காது என்பார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. நம் புதுச்சேரியில் இது அரசியலாகவே ஆனது. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண்பேடி தெருவில் இறங்கித் தலைக்கவசம் போடாதவர்களை நிறுத்தினார். திடீரென்று திணிக்கக் கூடாது என்று அரசு எதிர்த்தது. முதல்வர் நாராயணசாமி ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் உட்கார்ந்த தர்ணாவின் காரணங்களில் அதுவும் ஒன்று. இரண்டு பக்கமும் பேசி ஓய்ந்தாயிற்று. தலைக்கவசம் இன்னும் பல பேருக்குப் பெட்ரோல் டேங்க் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரோட்டோரக் குவியலில் கிடைப்பது பல நேரம் வெறும் பிளாஸ்டிக் தொப்பி.

“முன் பிரேக்கைப் புடிச்சா தூக்கிப் போட்டுடும்”

சைக்கிள் காலத்துப் பயம் இது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தே ஆயுள் முழுக்க வண்டி ஓட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. லேசான டயரால் வண்டியை நிறுத்த முடியாது, சறுக்கத்தான் முடியும். நிறுத்தும் சக்தியில் ஏறக்குறைய எழுபது விழுக்காடும் அதற்கு மேலும் முன் பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது. தூக்கிப் போடுவது முன் பிரேக்கின் குணமில்லை. பயத்தில் அதை ஒரேயடியாக நசுக்குவதுதான் கோளாறு. முதலில் மெல்லப் பிடித்து, பாரம் முன்னால் இறங்கிய பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். விடிகாலையில் ஆளில்லாத சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பழகினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

இப்போதுதான் ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் அது கட்டாயமானது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், அதுவரைக்கும் சரி. ஆனால் உதிரி மணல்மேல் நிற்கும் தூரத்தை அது குறைக்காது, சில நேரம் கூட்டவும் செய்யும். பக்கத்தில் உள்ள பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். அறுவடை முடிந்தால் சாலையில் பாதி நெல் காயும், ஓரத்தில் கல்லும் கட்டையும் அடுக்கியிருக்கும். காயும் நெல்மேல் டயர் ஏறினால் பால்ரஸ் மேல் ஓட்டுவது போலத்தான். அங்கே பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விட்டு நேராகக் கடக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மீன் ஏற்றிய டெம்போவிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர், வளைவில் கோடு போட்ட மாதிரி கிடக்கும். மீன் கொழுப்பு கலந்த அந்த ஈரத்தில் எந்தக் கம்பெனி டயரும் பிடிக்காது.

இதன் பங்காளி ஒரு வீரக்கதை: “வேற வழியில்ல, வண்டியப் படுக்க வெச்சுத் தப்பிச்சேன்.” தார்ச் சாலையை ரப்பர் பிடிக்கிற அளவுக்கு இரும்பும் பிளாஸ்டிக்கும் பிடிக்காது. படுத்த வண்டி, பிரேக் பிடித்த வண்டியைவிட அதிக தூரம் வழுக்கும். பெரும்பாலும் அவர் படுக்க வைக்கவில்லை, பின் சக்கரம் பூட்டி வண்டியே படுத்திருக்கிறது.

உடம்பைச் சாய்த்தால்தான் வண்டி திரும்பும் என்பதும் பாதி உண்மை. வேகத்தில் இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். விமானம் கண்ட சகோதரர்களில் ஒருவரும் சைக்கிள் கடை வைத்திருந்தவருமான வில்பர் ரைட் இதைக் கவனித்திருக்கிறார். சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தாங்கள் எப்படித் திரும்புகிறோம் என்று ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லையாம். சின்ன வண்டியில் இது தெரியாமலே காலம் தள்ளலாம். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி வளைவில் அகலமாக ஓடும்போது தெரிந்திருக்க வேண்டும்.

“கவர் போட்டு மூடு, தினம் தண்ணி அடிச்சுக் கழுவு”

பனித்திட்டு மாதிரி ஊரில் செய்யக்கூடாத இரண்டும் இவைதான். பிளாஸ்டிக் கவர் மழையைத் தடுக்கும், ஆனால் உள்ளே புகுந்த உப்பு ஈரத்தை வெளியே விடாது. காலை வெயிலில் உள்ளே வியர்க்கும். மேலே பளபளக்கும் வண்டியின் அடியில் எக்ஸாஸ்ட் குழாயும் போல்ட் தலைகளும் பழுப்பேறும். காற்று போய்வரும் துணி உறை போதும், நிழலும் சுவர் மறைப்பும் கிடைத்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் விஷயம் அதைவிடச் சிக்கல். கடலை ஒட்டிய போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் கடல் காற்று தெளித்த உப்புக்கு மேல் இன்னொரு பூச்சு பூசுகிறோம். டேங்க் மேல் காய்ந்த வெள்ளைத் திட்டுகளே சாட்சி. குடிநீர்க் குழாயில் பிடித்த நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும், துடைத்துக் காயவைக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் பைப்பின் அழுத்தத்தை செயினுக்கும் சக்கர பேரிங்குக்கும் நேரே காட்டக் கூடாது. கிரீஸ் வெளியே போகும், தண்ணீர் உள்ளே போகும். ரேடியேட்டரில் அந்தப் போர் தண்ணீரை ஊற்றுவது எல்லாவற்றையும் விட மோசம். கூலன்ட் குறைந்தால் கூலன்ட்தான், அவசரத்துக்கு பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். அவுட்போர்டு எஞ்சினைக் கடலிலிருந்து ஏற்றியதும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்பது படகுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே ஆட்கள் இரண்டு லட்சம் மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய பைக்கை மாதக்கணக்கில் அப்படியே விடுவதுதான் எனக்குப் புரியாத புதிர்.

செயினைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு சின்ன ரப்பர் வளையம் தெரியும். கம்பெனியில் வைத்த கிரீஸை உள்ளே அடைத்து வைத்திருப்பது அதுதான். பெட்ரோல் ஊற்றி இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தால் செயின் புதுசு போல மின்னும், வளையம் செத்துப்போகும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். துடைத்தபின், ஓட்டி வந்த சூட்டோடு செயின் லூப் அடித்து இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். பழைய எஞ்சின் ஆயில் தடவினால் அதில் உள்ள கருமணலே அரத்தின் வேலையைச் செய்யும். கையேடுகள் பொதுவாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை என்கின்றன. கடலோரத்தில் கிலோமீட்டரை எண்ணிப் பயனில்லை, தகட்டில் செம்பழுப்பு தெரிந்தால் செய்ய வேண்டியதுதான். இன்னொன்று, செயின் தொங்குகிறதே என்று வீணைத் தந்தி போல இறுக்கிவிடுவார்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் பேரிங் அழும். கையேடு சொல்லும் தொய்வு, பல வண்டிகளில் இரண்டரை மூன்று சென்டிமீட்டர், இருந்தே ஆக வேண்டும்.

“ஒசத்தியா ஊத்து”

கார் ஆயில் விலை அதிகம், ஆகவே நல்லது என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. பைக்கின் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அது கிளட்ச் தகடுகளுக்குள் போனால் வழுக்கல். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும்.

நூறு ஆக்டேன் பெட்ரோலும் இப்படித்தான். ஆக்டேன் என்பது தட்டாமல் எரிவதற்கான அளவு, சக்தியின் அளவு இல்லை. கையேட்டில் 91 போதும் என்று இருந்தால், ஒன்றரை மடங்கு விலை கொடுத்து 100 போட்டு லாபமில்லை. கவலைப்பட வேண்டியது வேறு: இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். அரை டேங்கோடு மாதக்கணக்கில் கடற்காற்றில் நிறுத்தினால் டேங்கின் மேல்பாதியில் துரு, அடியில் தண்ணீர். நிறுத்துவதானால் நிரப்பி நிறுத்துங்கள்.

வெயில் காலத்தில் டயர் வெடிக்கும் என்று காற்றைக் குறைப்பது தலைகீழ் வைத்தியம். காற்று குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடாகும், வெடிப்பது அதுதான். கிளம்புவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும்.

சைலன்சர் சத்தம் உயிரைக் காக்கும் என்ற வாதத்துக்கு ஒரு வரி: சத்தம் பின்னால் போகிறது, ஆபத்து முன்னால் வருகிறது. சத்தம் வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் வரை.

“பி.ஒய். நம்பர் போட்டா ஆயுசுக்கும் லாபம்”

பெரிய வண்டியில் முதல் அடி விலையிலேயே விழுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதற்கு மேல் 40. மூன்றாம் நபர் காப்பீடும் 350-ஐத் தாண்டினால் 2022-இல் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 2,804 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1,366. ஆகவே புதுச்சேரிப் பதிவான பி.ஒய். எண் போட்டுச் சாலை வரியிலாவது மிச்சம் பிடிக்கலாம் என்று சென்னையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் தேடி வருவார்கள்: “மச்சான், உன் பேர்ல எடுத்துக்கிறேன்.” 2017-இல் கேரள நடிகர்கள் சிலர் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி விலாசத்தில் பதிந்ததாக வழக்குகள் வந்தது நினைவிருக்கும்.

பனித்திட்டிலேயே குடியிருப்பவருக்கு பி.ஒய். எண் உரிமை. அவர் தினம் கடலூர் போய்வருவதில் குற்றமில்லை. ஆனால் வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டத்தின் 47-ஆம் பிரிவு. பேர் கொடுக்கும் மச்சான் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி தாம்பரத்தில் யாரையாவது இடித்தாலும், காப்பீடு காலாவதியாகியிருந்தாலும், நோட்டீஸ் பனித்திட்டு வீட்டுக்குத்தான் வரும்.