நோய் தணிந்தபின் வீடு திரும்புதல்

"இனி வீட்டுக்குச் செல்லலாம்" என்று மருத்துவர் கூறிய பின்னரும் சில நோயாளிகள், சிறப்பாக முதியோர், மருத்துவமனைக் கட்டிலிலேயே தங்கிவிட நேர்கிறது. இந்நிலை உலகெங்கும் உள்ளது. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வெளியில் பராமரிப்பு ஏற்பாடு செய்யத் தவறும் ஊராட்சி மன்றம், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 பவுன் செலுத்த வேண்டுமென அச்சட்டம் விதித்தது.

தாமதம் ஏன்?

கெடாத் தோட்டங்களில் வாழ்வோர் இதன் காரணங்களை நன்கறிவர். பாரிசவாதம் கண்டவரும் இடுப்பெலும்பு முறிந்தவரும் சில காலம் பிறர் துணையின்றி நடமாட இயலாது. மகன் சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ தொழிற்சாலையில் முறைவேலை செய்கிறான். மருமகள் விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படுகிறாள். பகலில் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இது அன்பின் குறைவன்று. ஆள் இன்மையே ஆகும்.

தங்குவதால் நேரும் தீங்கு

அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பில் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளிதானே என்று எண்ணலாகாது. படுத்தே கிடக்கும் உடல் விரைவில் வலுவிழக்கும். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதியோர் 10 நாள் படுக்கையிலிருந்த பின், கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். படுக்கைப் புண்ணும் தொற்றுநோயும் வரக்கூடும். மேலும், அக்கட்டிலுக்காக அவசரப் பிரிவில் வேறொருவர் காத்திருப்பார்.

செய்ய வேண்டியவை

1. வீடு திரும்பும் நாளுக்குக் காத்திராமல், சேர்த்த முதல் சில நாட்களிலேயே மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியைக் காண்க. குடும்ப நிலையை மறைக்காமல் கூறுக.

2. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல், புண் துடைத்தல், குழாய்வழி உணவூட்டல் ஆகியவற்றைத் தாதியரிடம் கேட்டுப் பழகுக.

3. வீட்டில் கட்டிலைக் கழிவறைக்கு அருகில் இடுக. வழுக்கும் தரையைச் சீர்செய்க. பிடிமானக் கம்பி பொருத்துக.

4. படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் இல்லத்திற்கே வந்து பார்க்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2014-ஆம் ஆண்டில் தொடங்கியது. உங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தில் அச்சேவை உண்டா என விசாரித்தறிக. இல்லத்தில் பராமரிப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும்.

5. நோயாளியைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்கள் சமூக நல இலாகாவில் உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் பெறுபவருக்கு இடைவிடாத கவனிப்பு தேவையென மருத்துவக் குழு சான்றளித்தால், அதற்கும் தனித்தொகை உண்டு.

உற்றார் எவருமற்ற முதியோரைக் குறித்தும் சமூகப் பணி அதிகாரியிடமே தெரிவிக்கலாம். தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக் கூடிய ஆதரவற்ற முதியோருக்குப் பீடோங்கில் ஸ்ரீ கெனாங்கான் இல்லம் உள்ளது. நோயுற்றுப் படுத்திருப்போருக்கு அவ்வில்லம் பொருந்தாது. அவர்களுக்கென கோல குபு பாருவிலும் டுங்குனிலும் ஏசான் இல்லங்கள் இயங்குகின்றன. இவற்றில் இடம் கிடைக்க நாளாகலாம். ஆதலின் முன்னரே விண்ணப்பித்தல் நன்று.

பகலில் ஒரு மணி நேரம் அண்டை வீட்டார் ஒருவர் முதியவர் அருகில் அமர்ந்தாலும் அக்குடும்பத்தின் பாரம் குறையும். முறைவைத்து இவ்வுதவியைச் செய்யத் தோட்ட மாதர் குழுக்களும் ஆலய நிர்வாகங்களும் முன்வருமாயின், நோய் தணிந்த முதியோர் காலத்தில் இல்லம் சேர்வர்.