காடும் ஒரு மூலதனமே

நம் சங்கத்தின் ஐந்தொகை பொதுச்சபையில் படிக்கப்படும்போது, தறிகளுக்கும் கட்டடத்திற்கும் தேய்மானம் கழிக்கப்பட்டிருப்பதை அங்கத்தினர்கள் கவனித்திருப்பார்கள். தறியை விற்று வந்த தொகையை இலாபமென்று எழுதிப் பங்காதாயம் வழங்கும் சங்கம் ஒன்று இருக்குமாயின், தணிக்கையாளர் அதனை ஒப்பமாட்டார். ஆயினும் உலக நாடுகள் பலவும் தத்தம் காடுகள் விஷயத்தில் இவ்வாறே கணக்கு எழுதி வந்திருக்கின்றன. வெட்டிய மரத்தின் விலை தேசிய வருமானத்தில் வரவாகிறது. அழிந்த காட்டுக்கோ தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. இரு நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, இந்தோனேசியா. 1971 முதல் 1984 வரை அதன் உற்பத்தி ஆண்டுக்குச் சராசரி 7.1 சதவீதம் வளர்ந்ததாக அரசுக் கணக்குக் கூறிற்று. எண்ணெய், காடு, மண் ஆகிய மூன்றின் குறைவையும் கழித்து 1989இல் வெளியான ஓர் ஆய்வின்படி, எஞ்சிய வளர்ச்சி 4 சதவீதமே. எஞ்சியது முதலைத் தின்ற வரவு.

இரண்டாவது, மத்திய அமெரிக்காவின் சிறு நாடாகிய கோஸ்டா ரிக்கா. அங்கு மாட்டு மேய்ச்சலுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1970 முதல் 1989 வரை காடு, மண், மீன்வளம் ஆகியவற்றில் நேர்ந்த இழப்பு, 1984ஆம் ஆண்டு விலைப்படி 400 கோடி டாலருக்கு மேல். இது அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியினும் மிகுதி.

நோய் ஒன்றாயினும், பின்னர் நடந்தவை வேறு. கோஸ்டா ரிக்கா 1996இல் வனச் சட்டம் இயற்றி, எரிபொருள் வரியில் ஒரு பகுதியைக் கொண்டு, காட்டைக் காக்கும் நில உடைமையாளருக்கு ஒப்பந்தப்படி பணம் வழங்கத் தொடங்கியது. மாட்டிறைச்சி விலை வீழ்ந்ததும் இதற்குத் துணை செய்தது. இன்று அந்நாட்டில் பாதிக்கு மேல் காடு. இந்தோனேசியாவிலோ 2015இல் காட்டிலும் கரிமண் நிலத்திலும் பரவிய தீயினால் நேர்ந்த நஷ்டத்தை உலக வங்கி 1600 கோடி டாலர் என மதிப்பிட்டது.

இனி நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கு வருவோம். ஓசூரைச் சுற்றி ஆலைகளும் மனைகளும் பெருகியுள்ளன; வேலையும் வருமானமும் வந்தன. இதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியே வரும் யானைகளுக்குப் பாதை குறுகக் குறுக, கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் அவை வயலில் இறங்குகின்றன. பயிரிழப்புக்கு அரசு நிவாரணம் உண்டு. இரவெல்லாம் பரண்மேல் விழித்திருக்கும் உழவரின் உழைப்புக்குக் கூலி எழுதுவார் யார்? 1957இல் கட்டி முடித்த கிருஷ்ணகிரி அணையின் கொள்ளளவை வண்டல் குறைத்துவிட்டது. மேட்டு நிலத்தில் மரம் குறையின், மண் ஆற்றோடு இறங்கும். நீர் குறையின் மல்பெரி வாடும். கூடு குறையின் பட்டு நூல் விலை ஏறி நெசவாளரையும் தாக்கும்.

நம் நாடும் காட்டுக்கு விலை கண்டிருக்கிறது. கூடலூர்க் காடுகளைப் பற்றி 1995இல் தொடுக்கப்பட்ட வழக்கில், காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுப்போர் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை செலுத்த வேண்டுமென 2008இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது; பின்னர் இத்தொகை உயர்த்தப்பட்டது. காட்டை எடுப்போரிடம் வாங்குவது நம் முறை. காப்போருக்குக் கொடுப்பது கோஸ்டா ரிக்காவின் முறை. இரண்டும் சேர்ந்தாலன்றிக் கணக்கு நேராகாது என்பது நம் கருத்து.

காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள் முறையே 2014, 2022ஆம் ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டமை நற்செய்தியே. ஆயினும் காட்டின் விளிம்பில் வாழ்வோர் நாம். ஆகவே அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவ்வினாக்களை ஆராய்வார்களாக: நம் ஊரில் கடந்த இருபது ஆண்டுகளில் மறைந்த மரங்கள், ஓடைகள், மேய்ச்சல் நிலங்கள் எவை? அவற்றால் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஏறிய செலவு யாது? அதனை ஒரு பேரேட்டில் எழுதி வைப்போம். எழுதாத நஷ்டத்திற்கு எவரும் ஈடு தருவதில்லை.