பறவைத் தட்டும் மெய்க்கணக்கும்

பழைய மாணவர்க்கும் இன்றைய மாணாக்கர்க்கும் ஒருங்கே பயன்படத்தக்க பாடம் ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். இலக்கணம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமோ குருவி எண்ணும் முறையை எழுதத் துணிந்தோம். எண்ணை எழுத்துக்கு முன்வைத்துச் சொல்வது தமிழ் வழக்காதலின், இது தமிழாசிரியர்க்குப் புறம்பான பொருளன்று.

நாம் வாழ்வது ஹற்றனுக்கு அண்மையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆசிரியர் விடுதியில். மார்கழி, தை மாதங்களில் காலைப்பனி விலக நெடுநேரமாகும். நுவரெலியாப் பக்கத்திலோ சில விடியல்களில் உறைபனி படிந்து கொழுந்தையே கருக்கிவிடும். அத்தகைய குளிர்கால மொன்றில் குசினிச் சன்னலுக்கு வெளியே ஒரு பலகையை அறைந்து, நாள்தோறும் ஒரு பிடி நொய்யரிசியும் ஒரு கீற்றுப் பப்பாசியும் வைக்கத் தொடங்கினோம். கொண்டைக்குருவி, மைனா, புள்ளிப்புறா, சிட்டுக்குருவி ஆகியன வந்தன. கன்னத்தில் மஞ்சள் இறகுக் கொத்துடைய மற்றொரு வகைக் கொண்டைக்குருவியும் வந்தது. இஃது இலங்கை மலைநாட்டிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

ஒவ்வொரு பறவை வந்திறங்குந் தோறும் ஏட்டில் ஒரு கோடு இட்டோம். ஒரு மணி நேரத்தில் கொண்டைக்குருவிக்கு மட்டும் 41 கோடுகள்! பெருமிதத்தோடு அதனை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் காட்டினோம். அவன் சற்றுநேரம் சன்னலருகே நின்றுவிட்டு, “சேர், அந்த வாலொடிஞ்சது இப்ப நாலாந் தரம் வருது” என்றான். மறுமொழி கூற இயலவில்லை. ஒரு திங்களாக நாம் எழுதியது பறவைக் கணக்கன்று. பறவைகளின் பசிக் கணக்கு. அவன் தாயார் கொழுந்து பறிப்பவர். ஒரே கூடைக் கொழுந்தை இருமுறை தராசிலேற்றினால் மடுவத்தில் யார் ஒப்புவர்?

இவ்விடரைத் தட்டில் எண்ணிய பிறரும் அறிந்திருந்தனர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1976ஆம் ஆண்டு தொடங்கி, 1987 முதல் வட அமெரிக்கா முழுதும் பரவிய குளிர்காலத் தட்டுக் கணக்கெடுப்பில் விதி ஒன்றுண்டு. ஓர் இனத்தில் ஒரே வேளையில் ஒருங்கே காணப்பட்ட மிகப்பெரிய தொகையை மட்டுமே எழுதுதல் வேண்டும். காலையில் மூன்றும் மாலையில் ஐந்தும் கண்டால் எட்டன்று, ஐந்தே. உண்மைத் தொகை அதனிற் கூடுதலாயிருக்கலாம், குறைவாயிருத்தல் இயலாது. இவ்விதிப்படி எண்ணியபோது எமது 41 ஆறாகச் சுருங்கியது. பழைய ஏட்டைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டோம். மனம் வருந்தியது மெய்யே.

பறவை வராத நாளும் ஏட்டில் ஏறவேண்டும். இதனை மாணாக்கர் எளிதில் ஏற்பதில்லை. வெறும் பலகையை எழுதுவானேன் என்பர். நாம் பார்த்தும் வரவில்லை என்பதும், நாம் பார்க்கவேயில்லை என்பதும் ஏட்டில் வேறுவேறாய்த் தெரியாவிடின், பிற்காலத்தில் சிட்டுக்குருவி குறைந்ததா, எமது ஊக்கம் குறைந்ததா என எவரும் அறியார்.

இத்துணைக் கண்டிப்பு ஏன் எனலாம். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் ஆராயப்படுவர் என எம் முன்னோர் தொகையாகப் பங்கிடப்பட்டனர். முழுத்தொகைகளைக் கண்டால் மலையகத்தார்க்கு இன்றும் ஐயம் எழும். குருவிக் கணக்கிலும் அவ்வையம் எம்மை விட்டபாடில்லை.

இனி, தட்டுக்கு வாராத விருந்தினரும் உளர். புரட்டாசி, ஐப்பசியில் இந்தியாவினின்று வரும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிப் புழுப்பூச்சி தின்பது. எமது அரிசியை ஏறிட்டும் பாராது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரலெழுப்புவதனாற் பெற்ற பெயர் அது. காசுமீரப் பகுதியிற் கூடுகட்டும் ஈப்பிடிப்பான் ஒன்று மேற்குத்தொடர்ச்சி மலையிலும் நமது மலைநாட்டிலுமே குளிர்காலத்தைக் கழிக்கின்றது. உலகளவில் அருகிவரும் இனம் அது. விக்டோரியா அரசியாரின் வைர விழா நினைவாக 1897இல் நுவரெலியாவில் அமைந்த பூங்காவில் இவ்விரண்டையும் காணலாம். ஆகவே தட்டை மட்டும் நோக்குவோன் ஊர்ப்பறவை அனைத்தையும் எண்ணியவனாகான். வேலியோரத்தையும் ஓடைக்கரையையும் கால்மணி நேரம் பார்த்து வேறு பக்கத்தில் எழுதுவது நன்று.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிய நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நிகழ்கின்றது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் எண்ணி இணையப் பதிவேட்டில் ஏற்றுவர். நமது பொங்கலும் அதே பொங்கல்தான். பழைய மாணவர் எந்நாட்டிலிருப்பினும் தத்தம் முற்றத்தில் இதனைச் செய்யலாம். பலகையை வாரம் ஒருமுறை வெந்நீரால் கழுவி உலர்த்துக. பழைய சோற்றெச்சம் பறவைக்கு நோய் தரும். பூனை தாவும் உயரத்தில் அறையற்க. இவ்விரண்டிலும் நாம் முதலில் தவறியதுண்டு.

எமது ஏட்டை இப்பொழுது அம்மாணவனே எழுதி வருகின்றான். தையில் ஒன்பது நாள் சுழி இட்டிருக்கின்றான். அந்நாள்களில் விடாமழை.