பட்டுப்புடவைக்கு ஹீல்ஸ்: கால் நோகாம நடக்க அக்கா சொல்ற டிப்ஸ்

தை பிறந்துட்டா நம்ம பெரிய காஞ்சிபுரத்துல கல்யாண சீசன் களைகட்டிடும். பட்டு எடுக்க வெளியூர்லேருந்து வேன் வேனா வந்து காந்தி ரோட்டுல இறங்குவாங்க. நம்ம வீட்டுப் பொண்ணுங்களும் புடவை, பிளவுஸ் டிசைன், நகை எல்லாத்தையும் மாசக்கணக்கா யோசிப்பாங்க. செருப்பை மட்டும் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப்போய் வாங்குவாங்க. ரிசப்ஷன் மேடையில நின்னு அரை மணி நேரம் ஆகறதுக்குள்ள விரல் எரியும், இடுப்பு கடுக்கும், சிரிக்கவே முடியாது.

ஹீல்ஸ் போட ஆசைப்படறது தப்பே இல்ல தங்கச்சி. பட்டுக்கு அது ரொம்ப எடுப்பாவே இருக்கும். ஆனா வரிசையை மாத்திக்கோ. முதல்ல செருப்பு, அப்புறம்தான் புடவைக் கட்டு. இது ஒண்ணு சரியா அமைஞ்சாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துடும். மீதிக்கு நான் சொல்றதைக் கேட்டுக்கோ.

1. உயரத்தை நீ முடிவு பண்ணு

முதல் தடவை போடறவளுக்கு ஒன்றரை இன்ச் போதும். பழகினவ ரெண்டு, ரெண்டரை இன்ச் வரைக்கும் போகலாம். நாள் முழுக்க நிக்க வேண்டிய விசேஷத்துக்கு அதுக்கு மேல வேண்டாம். குதிகால் உயர உயர, உடம்போட பாரம் முன்பாதத்துக்குத் தள்ளிப் போகுது. விரல்களுக்குக் கீழ இருக்கற சின்ன இடம் அவ்வளவையும் தாங்கணும். உடம்பு முன்னாடி சாயாம இருக்க முழங்காலும் இடுப்பும் சேர்ந்து உழைக்கணும்.

கொஞ்சம் உயரமா வேணும்னா பிளாட்ஃபார்ம் வச்சதைப் பாரு. பின்னாடி மூணு இன்ச், முன்னாடி அடிப்பாகம் ஒரு இன்ச்னா, உன் காலுக்கு அது ரெண்டு இன்ச் சாய்வுதான். அடி அகலமான பிளாக் ஹீல், இல்லேன்னா வெட்ஜ் எடு. மண்டப மேடை பெரும்பாலும் பலகை மேல கார்பெட் விரிச்சது. பென்சில் ஹீல் அதுல புதையும், பலகை இடுக்குல மாட்டும்.

2. சாயங்காலமா கடைக்குப் போ

காலையிலேருந்து நடந்து நின்னு, சாயங்காலம் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். அப்போ சரியா இருக்கற செருப்புதான் ரிசப்ஷன்லயும் சரியா இருக்கும். பல பேருக்கு ரெண்டு பாதமும் ஒரே அளவு இருக்காது. பெரிய பாதத்துக்கு ஏத்த சைஸை எடுத்துட்டு, இன்னொண்ணுக்கு உள்ள ஒரு மெத்தை வச்சுக்கலாம்.

நம்பரை மட்டும் நம்பாதே. செருப்பும் ஷூவும் 'லாஸ்ட்'னு சொல்ற பாத வடிவ அச்சு மேலதான் தயாராகுது. ஒவ்வொரு கம்பெனி அச்சும் வேற வேற அகலம். அதனாலதான் ஒரு கடையில அஞ்சாம் நம்பர் சரியா இருக்கும், அடுத்த கடையில அதே நம்பர் இறுக்கும். பக்கத்துல ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு உலகத்துக்கே தோலும் ஷூவும் அனுப்பற ஊருங்க இருக்கு. அங்க வேலை பார்க்கற சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாரு, இதையேதான் சொல்லுவாங்க.

கடையில விரிப்பு மேல மட்டும் நடக்காதே, டைல்ஸ் தரையில நடந்து பாரு. குதிகால் எலும்புக்கு நேர் கீழ ஹீல் வரணும், பின்னாடி தள்ளி இருக்கக் கூடாது. ஒத்தைக் காலில் நின்னு பாரு. ஆடினா எடுக்காதே. "போடப் போட லூஸாயிடும்"னு கடைக்காரர் சொன்னாலும், கடையில கடிக்கற செருப்பை வாங்காதே.

3. மெட்டியும் கொலுசும் ஞாபகம் இருக்கட்டும்

முன்பக்கம் கூர்மையா மூடின ஷூவுக்குள்ள மெட்டி போட்ட விரல் போனா, மெட்டி பக்கத்து விரலை அழுத்தும். கொஞ்ச நேரத்துல தோல் சிவந்து, மெட்டி பதிஞ்ச இடம் வளையமாத் தடிச்சிடும். கல்யாணம் ஆனவங்க விரல் திறந்திருக்கற மாடல் எடுக்கறதுதான் நல்லது. மருதாணியும் வெளிய தெரியும்.

கணுக்கால்ல பட்டை வர்ற செருப்புன்னா கொலுசை மேல தள்ளிப் போட முடியுதான்னு பார்த்துக்கோ. கொலுசு முத்தும் பக்கிளும் ஒரே இடத்துல உரசினா தோலும் போகும், முத்தும் போகும். கடைக்குப் போகும்போதே மெட்டி, கொலுசோட போய்ப் போட்டுப் பாரு.

4. ஹீல்ஸ் மேல நின்னு கொசுவம் வை

உள்பாவாடை கட்டறதுக்கு முன்னாடியே செருப்பைப் போட்டுக்கோ. கீழ்ப் பார்டர் தரையைத் தொட்டும் தொடாம இருக்கணும், ஹீல் மறையணும், விரல் நுனி மட்டும் தெரியணும். வெறுங்காலோட கட்டிட்டு அப்புறம் ஹீல்ஸ் ஏறினா புடவை கணுக்கால்ல தூக்கிக்கிட்டு நிக்கும். ஹீல்ஸோட கட்டிட்டு அதைக் கழட்டினா, பார்டர் தரையில புரண்டு காலைத் தடுக்கும்.

அதனால மணப்பொண்ணுக்கு ரெண்டு கணக்கு. மணமேடையில செருப்பு கிடையாது, முகூர்த்தப் புடவையை வெறுங்காலுக்கே கட்டணும். ரிசப்ஷன் புடவையை ஹீல்ஸோட கட்டணும். காலையில கோயில், மத்தியானம் மண்டபம்னு ஒரே புடவையில சுத்தப் போற தோழிகளுக்கு ஒன்றரை இன்ச்தான் சரி. செருப்பைக் கழட்டினதும் இடுப்புல கொஞ்சம் மேல இழுத்துச் செருகிட்டா போதும்.

பட்டுல ஃபால்ஸ் அடிக்காம ஹீல்ஸ் போடவே போடாதே. கல் பதிச்ச பக்கிளும் வேண்டாம், ஜரிகையைப் பிடிச்சு இழுத்துடும். கோர்வைப் புடவையில உடலும் பார்டரும் தனித்தனி நாடாவுல ஓடி, இழையோட இழை மாட்டிச் சேருது. அதுக்குத் தறியில நெசவாளர் பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து நாடா தள்ளணும். பிள்ளையார்பாளையத்துல ரெண்டு பேர் நாள்கணக்கா நெய்ததை ஒரு ஹீல் நுனி ஒரு நொடியில கிழிக்க விடாதே. படி ஏறும்போது கொசுவத்தை வலது கையில அள்ளிப் பிடிச்சுட்டு ஏறு.

5. வீட்டுலயே பழகு

விசேஷத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தினம் பத்து, இருபது நிமிஷம் வீட்டுல போட்டு நட. பாத்திரம் எடுத்து வை, மாடிப்படி ஏறி இறங்கு. இறுக்கமா தோணினா சாக்ஸ் போட்டுட்டு நட, தோல் செருப்பு கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

முதல்ல குதிகால் வை, உடனே முன்பாதம். எட்டு சின்னதா இருக்கட்டும், அவசரம் வேண்டாம். முழங்காலை விறைச்சு நிக்காதே, லேசா தளர்வா விடு. அடிவயிறு உள்ள, தோள் பின்னாடி, பார்வை நேரா. தரையைப் பார்த்து நடந்தா முதுகு வளையும், நடை தடுமாறும். படியில ஏறும்போது முழுப் பாதத்தையும் வை, இறங்கும்போது கைப்பிடியைப் பிடி. ஒரு வாரம் இப்படி நடந்தாலே பயம் போயிடும்.

6. தெருவுக்கு வேற, மண்டபத்துக்கு வேற

வீட்டுலேருந்து மண்டபம் வரைக்கும் ஹீல்ஸோட போகணும்னு யாரும் சொல்லல. தட்டைச் செருப்புல போ, ஹீல்ஸைத் துணிப்பையில எடுத்துட்டுப் போய் வாசல்ல மாத்திக்கோ. ஸ்கூட்டி ஓட்டும்போது ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். சிக்னல்ல கால் ஊன்றும்போது ஹீல் சறுக்கினா வண்டியே சாயும்.

ராஜ வீதிகள்ல தேர் ஓடற நாள்லயும், பங்குனி உத்திரக் கூட்டத்துலயும் ஹீல்ஸை வீட்டுல விட்டுடு. அந்த நெரிசல்ல உன் கால் பிசகலாம், உன் ஹீல் இன்னொருத்தர் பாதத்துலயும் ஏறலாம். காமாட்சி அம்மன் கோயிலுக்கோ ஏகாம்பரநாதர் கோயிலுக்கோ போற நாள்ல, குனிஞ்சு பக்கிள் கழட்டற மாடல் வேண்டாம். பட்டுப்புடவையோட செருப்பு ஸ்டாண்டுல குனிஞ்சு நிமிர்றது பெரும்பாடு. அப்படியே கழட்டி விடற மாடல் போதும். பிரகாரத்துல வெறுங்காலோட நடக்கும்போது விரல்களை நல்லா விரிச்சு வச்சு நட, இறுகிக் கிடந்த விரலுக்கு இதமா இருக்கும். சித்திரை வெயில்ல மட்டும் உச்சிவேளைக்கு முன்னாடியே சுத்திட்டு வந்துடு, கல் சுடும்.

7. மேடையில நிக்கற வித்தை

ரெண்டு காலிலயும் ஒரே மாதிரி பாரம் போட்டு நிக்காதே. ஒரு காலைக் கொஞ்சம் முன்னாடி வச்சு, அடிக்கடி பாரத்தை மாத்திக்கோ. வரிசையில ஆள் குறையும்போதெல்லாம் உக்காரு. மேடை சோஃபாவுக்குப் பின்னாடி ஒரு தட்டைச் செருப்பு வச்சிரு. முக்கியமான போட்டோ முடிஞ்சதும் மாத்திக்கோ. இடுப்புல ஒரு சுத்து செருகினா பார்டர் மறைச்சிடும், யாருக்கும் தெரியாது.

"மாப்பிள்ளை உயரம், நாலு இன்ச் போட்டாதான் ஜோடி எடுப்பா இருக்கும்"னு யாராவது சொல்லுவாங்க. போட்டோகிராபர்கிட்ட சொல்லி, போட்டோவுக்கு மட்டும் ஒரு பலகை போடச் சொல்லு. நீ ஏற்கனவே உயரமா இருந்து ஹீல்ஸ் போட ஆசைப்பட்டாலும் போடு. உயரமான பொண்ணு ஹீல்ஸ் போடக் கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல.

8. செருப்பு கடிக்காம இருக்க

புதுச் செருப்போட பின்விளிம்புல தேங்காய் எண்ணெயைத் தடவி ஒரு ராத்திரி ஊற விடு, தோல் மிருதுவாகும். ரெக்சின்னா எண்ணெய் உள்ள இறங்காது. அப்போ குதிகால்லயும் சுண்டுவிரல்லயும் முன்கூட்டியே பிளாஸ்டர் ஒட்டிக்கோ. கொப்புளம் வந்துட்டா உடைக்காதே, சுத்தமா கழுவி மூடி வை. ஹீல் அடியில இருக்கற ரப்பர் தேஞ்சு ஆணி தெரிஞ்சா, டைல்ஸ்ல வழுக்கி விட்டுடும். செருப்பு தைக்கறவர்கிட்ட கொடுத்தா புது ரப்பர் வச்சுத் தருவார்.

9. கழட்டினதும் காலைக் கவனி

கல்லுப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில பாதத்தைக் கொஞ்ச நேரம் வை. சுவத்துல கை ஊன்றி, ஒரு காலைப் பின்னாடி நீட்டி, குதிகால் தரையில படற மாதிரி அரை நிமிஷம் நில்லு. அடுத்த காலுக்கும் அதே மாதிரி செய். இதை மட்டும் விட்டுடாதே. வருஷக்கணக்கா வழக்கமா ஹீல்ஸ் போடற பெண்களை 2010-ல ஐரோப்பிய ஆய்வாளர்கள் சோதிச்சாங்க. கெண்டைக்கால் தசையோட இழைகள் குட்டையாகி, குதிகால் நரம்புன்னு நாம சொல்ற தசைநாண் விறைச்சிருந்தது தெரிஞ்சது. அப்படி ஆனவங்களுக்குத் தட்டைச் செருப்பு போட்டாலே கால் இழுத்து வலிக்கும். அதனால தினமும் போடாதே. ஒருநாள் போட்டா அடுத்த நாள் தட்டைச் செருப்புக்கு மாறு.

கர்ப்பமா இருக்கறவங்க, சுகர்னால காலில் மரத்துப்போற உணர்ச்சி உள்ளவங்க, சமீபத்துல கணுக்கால் பிசகினவங்க ஹீல்ஸைத் தவிர்த்துடுங்க. விரல் மரத்துப் போறது, கட்டைவிரல் பக்கத்து எலும்பு புடைக்கறது, குதிகால் வலி விடாம இருக்கறது இதுல எது இருந்தாலும் எலும்பு டாக்டரைப் பாருங்க.

10. கட்டாயத்துக்காகப் போடாதே

லண்டன்ல 2015 டிசம்பர்ல, வரவேற்பாளர் வேலைக்குப் போன நிகோலா தார்ப்பை ஹீல்ஸ் போடலைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க சும்மா விடல. 2016-ல அவங்க ஆரம்பிச்ச மனுவுல 1,50,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க, பிரிட்டன் நாடாளுமன்றமே விவாதிச்சது. 2017-ல பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறை, வேலையிடத்துல ஹீல்ஸைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. 2019-ல ஜப்பான்ல யுமி இஷிகாவா இதுக்காகவே ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க.

ஹீல்ஸுக்காக இல்லேன்னாலும், நின்னே வேலை பார்க்கறவங்க காலுக்காக நம்ம ஊர்லயும் ஒண்ணு நடந்திருக்கு. 2021-ல தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்க்கற எல்லாருக்கும் உக்கார இருக்கை தரணும்னு கொண்டு வந்தாங்க. காந்தி ரோட்டுல கவுன்டருக்குப் பின்னாடி நாள் முழுக்க நிக்கற தங்கச்சிக்கும் அது பொருந்தும். உக்காரறது உன் சட்ட உரிமை, கேட்கத் தயங்காதே. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்டர்வியூவுக்குப் போறவளா இருந்தா, நல்லாத் தொடைச்ச தட்டைச் செருப்பே போதும். ஹீல்ஸ் போட்டாதான் தைரியம் வருதுன்னா, பழகின ஒன்றரை இன்ச்சைப் போட்டுட்டுப் போ. புதுச் செருப்போட மட்டும் போகாதே.

வர்ற முகூர்த்தத்துக்குப் புடவை எடுத்த கையோட செருப்பையும் வாங்கிடு. ரெண்டு வாரம் வீட்டுல நடந்து பழகு. அன்னிக்கு நிமிர்ந்து நில்லு, வலிச்சா கழட்டிட்டுக் கூச்சப்படாம வெறுங்காலோட நட. வலியைப் பொறுத்துக்கிட்டு வர்ற அழகு உனக்கு வேண்டாம் தங்கச்சி.