சட்டத்தின் பயனை ஆராய்வது எங்ஙனம்?

ஒரு சட்டம் மக்களுக்குப் பயன்பட்டதா என்று அறிய, அது வருமுன் இருந்த நிலையையும் பின்னர் ஏற்பட்ட நிலையையும் ஒப்பிட்டால் போதும் என்பர் சிலர். போதாது. இடையில் மழை பொய்த்திருக்கும், விலைவாசி ஏறியிருக்கும், வேறு திட்டங்களும் வந்திருக்கும். எது எதன் விளைவு என்று எவ்வாறு பிரிப்பது?

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை நோக்குவோம். ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க அது வழி செய்தது. இதன் பயனை அறியப் பெண் தலைவர் உள்ள ஊரையும் ஆண் தலைவர் உள்ள ஊரையும் வெறுமனே ஒப்பிடுதல் தவறு. தானே விரும்பிப் பெண்ணைத் தேர்ந்தெடுத்த ஊர் முன்னரே முற்போக்கான ஊராக இருந்திருக்கலாம் அன்றோ?

இங்கே சட்டத்தின் அமைப்பே கைகொடுக்கிறது. மேற்கு வங்காளத்தில் பெண்களுக்குரிய ஊராட்சிகளை யாருடைய விருப்பமும் தீர்மானிக்கவில்லை. ஊராட்சிகளைப் பழைய வரிசை எண்படி பட்டியலிட்டு, மூன்றுக்கு ஒன்றாக எடுத்தனர். எனவே ஒதுக்கப்பட்ட ஊர்களும் ஏனைய ஊர்களும் பொதுவில் ஒத்த தன்மையுடையன. ஆய்வுக்கூடத்தில் அரிதின் முயன்று பெறும் வாய்ப்பை அலுவலகப் பட்டியல் ஒன்று தந்துவிட்டது!

இராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் இதனைப் பயன்படுத்தினர். மேற்கு வங்காளம், இராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் 265 ஊராட்சிகளைப் பற்றிய அவர்களது ஆய்வு 2004இல் வெளிவந்தது. பெண்கள் கேட்பவை யாவை, ஆண்கள் கேட்பவை யாவை என்பதை ஊராட்சிக்கு வந்த முறையீடுகளைக் கொண்டு முதலில் கணித்தனர். ஈரிடத்தும் பெண்கள் மிகுதியாகக் கேட்டது குடிநீர். சாலையையோ வங்காளத்தில் பெண்களும், இராஜஸ்தானில் ஆண்களும் மிகுதியாகக் கேட்டனர். பின்னர் நடந்த பணிகளை எண்ணினர். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீர்ப் பணி ஈரிடத்தும் கூடியிருந்தது. சாலைப் பணி வங்காளத்தில் கூடியது, இராஜஸ்தானில் குறைந்தது. இந்த முரண்தான் என்னை மிகவும் கவர்ந்தது. பெண் தலைவர் பொதுவாகச் சுறுசுறுப்பானவர் என்பது மட்டுமே காரணமாயின், சாலை ஓரிடத்தில் குறைவானேன்?

"பெயருக்குத் தலைவி, ஆட்சி கணவருடையது" என்ற பேச்சு நாம் அறிந்ததே. கணவரே முழுதும் ஆண்டிருந்தால் இவ்வேறுபாட்டை விளக்குதல் கடினம். ஆயினும் அப்பெண் எவ்வாறு தம் எண்ணத்தை நிறைவேற்றினார் என்பதை எண்ணிக்கை சொல்லாது. அதற்குக் கிராம சபையில் அமர வேண்டும்; தீர்மானப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்; அவரிடமே பேச வேண்டும்.

களப்பணிக்குச் செல்லும் நம் மாணவர் முதலில் அச்சட்டத்தின் விதிகளைப் படித்து, பயனாளிகள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றனர் என்று காணட்டும். வருமான வரம்பு வகுத்திருப்பின் அவ்வரம்புக்குச் சற்று மேலும் கீழும் உள்ளோரை ஒப்பிடலாம். அலுவலரின் விருப்பப்படி தெரிவு நடந்திருப்பின் இவ்வகை ஒப்பீடு எளிதில் கைகூடாது.