மூழ்கிய ஊரிலிருந்து ஒரு கிரகம்

கேள்வி: மேசையில் பகடை உருட்டி ஆடும் அறிவியல் புனைகதை விளையாட்டுகளுக்கு நுணுக்கமாகப் படம் வரைய ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகர், மேட்டூர்

பதில்: உங்கள் ஊரிலேயே. 1934இல் கட்டி முடித்த அணையில் மூழ்கிய பண்ணவாடி நந்தியும் தேவாலயக் கோபுரமும் நீர் வற்றினால் தலைகாட்டும். கைவிடப்பட்ட கிரகத்துக்கு வேறென்ன வேண்டும்? 16 கண் மதகையும் அனல் மின்நிலையத்தின் நிலக்கரி கன்வேயரையும் பென்சிலில் பழகுங்கள். எது எதைத் தாங்குகிறது, ஆள் எந்த ஏணியில் ஏறுவான் என்பது படத்தில் தெரிய வேண்டும். ஆடுபவர் அதைப் பார்த்துத்தான் 'அந்தக் கதவைத் திறக்கிறேன்' என்பார்.

1977இல் வந்த 'டிராவலர்' என்ற இவ்வகை விளையாட்டின் கறுப்பு அட்டையில் படமே கிடையாது. ஆபத்திலிருக்கும் விண்கலத்தின் அபயக்குரல் சில வரிகள்தான். இன்றைய வாங்குபவர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. பழகும்போது மின்நிலையத்தை மட்டும் தள்ளி நின்று வரையுங்கள், காவலர் கேள்வி கேட்பார்.