ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்



என்னை வீட்டில் பாப்பான்னு கூப்பிடுவாங்க. பள்ளிப் பதிவேட்டில் வேற பெயர். எப்படிக் கூப்பிட்டாலும் வருவது நான் ஒருத்திதான். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு கோப்புக்கும் இப்படி இரண்டு பெயர் வைக்கலாம். இதற்கு ஹார்டு லிங்க் என்று பெயர். 1971-ல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இது இருந்தது.

நம் பள்ளிக் கம்ப்யூட்டரில் இருப்பது பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்டது. இதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்று ஒரு எண் உண்டு. நாம் எழுதுவது எல்லாம் அந்த எண்ணோடுதான் சேர்ந்திருக்கும், பெயரோடு இல்லை. பெயர் என்பது ‘இந்த எண்ணைப் பார்’ என்று ஃபோல்டரில் ஒட்டி வைத்த சீட்டு மாதிரி. எல்.என். என்ற கட்டளை கொடுத்தால் இன்னொரு சீட்டு ஒட்டப்படும். ஒரு பெயரை அழித்தால் ஒரு சீட்டுதான் கிழியும். கடைசிச் சீட்டும் கிழிந்தால்தான் கோப்பு போகும்.

இவ்வளவும் சார் சொல்லித் தந்தது. மீதியை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நம்ம மலையில் சாமை விதைக்கிறது முதல் குத்திப் புடைக்கிறது வரைக்கும் ஆயா சொல்லும் வார்த்தைகளை ஒரு கோப்பில் சேர்த்து வந்தேன். ‘ஆயா’ என்று ஒரு பெயர், ‘சாமை’ என்று இன்னொரு பெயர். ஒரு நாள் ‘ஆயா’வைத் திறந்து புதுசாக 38 வார்த்தை சேர்த்து சேமித்தேன். ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு பெயர்னு ‘ஆயா’வை அழித்துவிட்டேன். ‘சாமை’யைத் திறந்தால் பழைய வார்த்தைகள் மட்டும்தான். 38-ம் காணோம்! அழுகையே வந்துவிட்டது.

காரணம் எடிட்டர் சேமிக்கும் முறை. சில எடிட்டர் பழைய கோப்பைக் காலி செய்து, அதே இடத்தில் எழுதும். ஐநோடு எண் மாறாது, இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். ஆனால் எழுதும்போது கரண்டு போனால் கோப்பு பாதியில் நின்றுவிடும். (மழைக்காலத்தில் நம்ம ஊர் கரண்டு பற்றிச் சொல்லவே வேண்டாம்.) அதனால் வேறு சில எடிட்டர் தனியாக ஒரு புதுக் கோப்பு எழுதி முடித்து, பிறகு பழைய பெயரை அதற்கு மாற்றிவிடும். நடுவில் கரண்டு போனாலும் பழையது பத்திரமாக இருக்கும். ஆனால் புதுக் கோப்புக்குப் புது எண்! இன்னொரு பெயர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். என் பதிவேட்டுப் பெயரில் வேறு ஒரு பொண்ணைச் சேர்த்துவிட்டு, வீட்டில் மட்டும் நான் பாப்பாவாகவே இருக்கிற மாதிரி!

விம் எடிட்டர், கோப்புக்கு இரண்டு பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதே இடத்தில் எழுதும். ஈமேக்ஸ், நாம் மாற்றி அமைக்காவிட்டால், பழைய கோப்பின் பெயரோடு ஒரு அலைக்குறி சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டுப் புதுசு எழுதும். எந்த எடிட்டர் என்ன செய்கிறது என்று நாமே பார்க்கலாம். சேமிப்பதற்கு முன்னும் பின்னும் எல்.எஸ். கட்டளையோடு ஒரு சிறு கோடு போட்டு, எல், ஐ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள். வரியின் முதலில் வருவது ஐநோடு எண். எண் மாறினால் லிங்க் அறுந்தது என்று அர்த்தம். நான் அழிப்பதற்கு முன்னால் இதைப் பார்க்கவில்லை.

மறுபடி ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். 33 வார்த்தை திரும்பக் கிடைத்தது. ஐந்து ஆயாவுக்கும் ஞாபகம் வரவில்லை. உங்க வீட்டு ஆயாவைக் கேட்டு, சாமை வேலைக்கு அவங்க சொல்லும் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி ஒன்பதாம் வகுப்பில் கொடுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி